பக்கவாதம் வந்தவர் கழுத்தில் கை வைக்காதீர்கள்

முடி வெட்டியாகிவிட்டது. துண்டை உதறிப் போட்ட கை அதோடு நிற்பதில்லை. உச்சந்தலையில் நாலு தட்டு, தோளில் இரண்டு பிடி. பிறகு ஒரு கை மோவாயைப் பற்றுகிறது, மறு கை பின்மண்டையை அணைக்கிறது. வெடுக்கென்று ஒரு திருப்பு. 'டக்' என்று சத்தம். அடுத்து மறுபக்கம். நாற்காலியில் இருப்பவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வலது கையும் காலும் விழுந்து மருத்துவமனையில் கிடந்து, வீடு திரும்பி, இப்போதுதான் கோலூன்றி நடக்கப் பழகியிருக்கிறார். "பெரியவருக்கு நெட்டி நல்லா எடுத்தாச்சு" என்கிறார் கடைக்காரர், அன்போடுதான். உடன் வந்த மகனும் நன்றி சொல்லிக் காசைக் கொடுக்கிறார்.

நம் ஜொகூரின் மாசாயிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் நம்மவர்கள் போகிற கடைகளில் யாரும் நின்று பார்க்காத அளவுக்குப் பழகிப்போன காட்சி இது. இது நிற்க வேண்டும். ஒருமுறை பக்கவாதம் வந்த முதியவரின் கழுத்தைத் திருகுவதும், தட்டுவதும், இழுத்து விடுவதும் உயிரோடு விளையாடும் காரியம். இதை இப்படிச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

கடையோடு முடிந்தாலும் பரவாயில்லை. பக்கவாதம் வந்த வீட்டுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இராது. தைலம் காய்ச்சிக் கொண்டுவருபவர், உருவி விடுபவர், சுளுக்கு எடுப்பவர், பக்கத்துக் கம்போங்கிலிருந்து உறவினர் அழைத்துவரும் ஊரூட் (மலாய் முறை உருவல்) கைக்காரர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். "கழுத்துல நரம்பு பிசகியிருக்கு, ஒரு தட்டு தட்டினா கை தானா தூக்கும்" என்று அவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கையும் காலும் விழுந்தது கழுத்து நரம்பு பிசகியதால் இல்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் அடைபட்டதாலோ வெடித்ததாலோ விழுந்தது. கழுத்தைத் திருகி அதைச் சரிசெய்ய வழியில்லை, மேலும் கெடுக்க வழியுண்டு. கை, கால் தசைகளை இதமாகப் பிடித்துவிடுவதில் நமக்கு வழக்கில்லை. கழுத்து வேறு சங்கதி.

ஏன் வேறு? மண்டைக்கு அடியில், கழுத்தின் உச்சியில், இரண்டு எலும்புகள் இருக்கின்றன. மேலே உள்ளது வளையம்போல இருக்கும். மருத்துவர்கள் அதை அட்லஸ் என்பார்கள். ஐந்து கிலோ அளவுக்கு எடையுள்ள தலையை அதுதான் தாங்குகிறது. 'ஆமாம்' என்று நாம் தலையாட்டும்போது மண்டை இந்த வளையத்தின் மேல் அசைகிறது. அடுத்த எலும்பு ஆக்ஸிஸ். அதிலிருந்து பல்லைப்போல ஒரு முளை மேலெழுந்து வளையத்துக்குள் நிற்கிறது. 'இல்லை' என்று தலையை இடவலமாகத் திருப்பும்போது வளையம் அந்த முளையைச் சுற்றிச் சுழல்கிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. முளைக்குப் பின்னால், விரல் நுழையும் இடம்கூட இல்லாத அருகில், தண்டுவடம் இறங்குகிறது. முளை பின்னுக்குச் சரிந்து தண்டுவடத்தை நசுக்காமல் ஒரு குறுக்கு நார் அதைக் கட்டி வைத்திருக்கிறது. மூச்சு விடச் சொல்லும் கட்டளை உட்பட மூளை உடம்புக்கு அனுப்பும் ஏறக்குறைய எல்லாமே இந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறி, அட்லஸின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையை வேகமாகத் திருப்பும்போது அந்த வளைவு இழுபடுகிறது. உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் கட்டி, கட்டியது மூளைக்கு ஏறி, இன்னொரு பக்கவாதம் வரலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கர்நாடகத்தின் பெல்லாரியில் 2024-ல் முடிதிருத்தும் கடையில் தலைக்கு மசாஜ் செய்து கழுத்தைத் திருப்பியதில், 30 வயது இளைஞர் ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த செய்தி இந்தியா முழுவதும் பேசப்பட்டது. டெல்லி வட்டாரத்தில் 2017-ல் கழுத்தை நெட்டி எடுத்த பிறகு, மூச்சை இயக்கும் உதரவிதானத்தின் நரம்பு செயலிழந்து ஒருவர் மூச்சுக்குத் திண்டாடினார். ஹைதராபாத்தில் 2022-ல் அழகு நிலையத்தில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை கழுவும்போதே 50 வயதுப் பெண்ணுக்குப் பக்கவாத அறிகுறிகள் தோன்றின. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993-லேயே இப்படி ஐந்து பெண்களின் நிலையை மருத்துவ இதழில் எழுதி, 'அழகு நிலையப் பக்கவாதம்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்.

நியாயமாகப் பேசுவோம். இப்படி நடப்பது அரிது. கழுத்து வலிக்கிறது என்று நெட்டி எடுக்கப் போனவருக்கு ரத்தக்குழாய் ஏற்கெனவே கிழிந்திருந்து, அந்தக் கிழிசலே வலியைத் தந்திருக்கலாம் என்ற வாதமும் மருத்துவ உலகில் இருக்கிறது. ரத்தக்குழாய்க் கிழிசல் இளவயதினரிடம்தான் அதிகம் காணப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் பக்கவாதம் வந்த முதியவரின் ஆபத்துக் கணக்கு வேறு. அவருடைய ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். பெரும்பாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார், அதனால் சிறு காயமும் பெரும் கசிவாகலாம். எலும்பு மெலிந்திருக்கும். நீண்ட நாள் மூட்டு முடக்குவாதம் இருந்தால் அந்தக் குறுக்கு நாரே இற்று, முளை அசைந்துகொண்டிருக்கலாம். அது வெளியே தெரியாது. முடிவெட்டுபவருக்கும் உருவி விடுபவருக்கும் தெரிய வாய்ப்பே இல்லை. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, படம் எடுத்தால்தான் தெரியும்.

நம் மாநிலத்து முதியவர்களின் கழுத்துக்கு வேறு ஒரு வரலாறும் உண்டு. செம்பனைக் காட்டில் குலை வெட்டியவர்கள் நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, வீட்டுக்கூரையைவிட உயர்ந்த மரங்களை அண்ணாந்து பார்த்தபடியே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறை விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியது. மரத்துக்கு மரம் குனிந்து கோடு கிழித்து, பால் நிறைந்த வாளிகளைத் தோளில் காண்டா என்னும் கம்பில் கட்டிச் சுமந்தது. லாபிஸ், ரெங்கம், லாயாங் லாயாங், கோத்தா திங்கி என்று எந்தத் தோட்டத்துப் பெரியவரைக் கேட்டாலும் கழுத்தையும் தோளையும் தடவிக்கொண்டேதான் பேசுவார். அந்தக் கழுத்து ஏற்கெனவே தேய்ந்தது. அதன்மேல்தான் பக்கவாதம் வந்து விழுகிறது.

பக்கவாதம் நமக்குத் தூரத்து நோயும் இல்லை. நாட்டின் மரணக் காரணங்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. அதற்கு வாசல் திறந்துவிடும் நீரிழிவு, 2019-ம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, 18 வயதைத் தாண்டிய மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினரிடம் இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். 2030-ல் 60 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டி, மலேசியா முதியோர் நாடாகும் என்று அரசாங்கமே சொல்கிறது. பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பும் பெரியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகும்.

வீடு திரும்பிய பிறகு கழுத்துக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கே மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுகிறார். வீட்டில் மருமகள், அல்லது அறுபது வயதைத் தாண்டிய மனைவி. பெரியவரைப் படுக்கையிலிருந்து எழுப்ப வேண்டும். ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னால் கொடுத்து, மறு கையால் செயலிழந்த கையைப் பிடித்து, "ம்… எழுந்திரிங்க" என்று ஒரே இழுப்பு. உடம்பின் பாரம் முழுவதும் கழுத்திலும் தோளிலும் ஏறுகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, மாதக்கணக்கில் இப்படி. அந்த மருமகள் மேல் குற்றமில்லை. மருத்துவமனையை விட்டு வந்த நாளில் மாத்திரைச் சீட்டும் அடுத்த தவணைத் தேதியும் கொடுத்தார்களே தவிர, தூக்கும் முறையை யாரும் அவர் கையைப் பிடித்துச் சொல்லித்தரவில்லை.

பகலில் நெகிழி நாற்காலியில் உட்கார வைத்தால், பலம் போன பக்கமாக உடம்பு சரிகிறது. சரிந்த உடம்பை நிமிர்த்த முடியாமல் தலை மட்டும் எதிர்ப்பக்கம் வளைகிறது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனத்தில் பதியாது. தலை எப்போதும் வலப்பக்கமே திரும்பியிருக்கும். தொலைக்காட்சியும் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் கழுத்து அப்படியே இறுகிப்போகும். மேல் கழுத்து மூட்டு நொந்தால் அந்த வலி பின்மண்டைக்கும் கண்ணுக்குப் பின்னாலும் ஏறும். பேச்சு போனவரால் "எனக்குத் தலை வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. சாப்பாட்டைத் தள்ளிவிடுவார், எரிந்து விழுவார். "ஸ்ட்ரோக் வந்தா கோபம் அதிகமாகும்" என்று நாமும் ஏற்றுக்கொண்டுவிடுவோம்.

நம்மை அதிகம் கவலைப்பட வைப்பது விழுதல். பக்கவாதம் வந்தவர்கள் விழுவார்கள், பெரும்பாலும் பலமில்லாத பக்கமாகவே விழுவார்கள். கையை ஊன்றித் தடுக்க முடியாததால் முகமும் நெற்றியும் நேராகத் தரையில் மோதும். குளியலறைத் தரையில் நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே போதும், அந்தப் பல் முளை அடியோடு முறிந்துவிடலாம். முதியவர்களுக்கு ஏற்படும் கழுத்தெலும்பு முறிவுகளில் மிகவும் சாதாரணமானது இதுதான். கொடுமை என்னவென்றால், முறிந்த பலர் எழுந்து நடப்பார்கள். கழுத்து வலிக்கிறது என்பார்கள், அவ்வளவுதான். வீட்டார் நெற்றிக் காயத்துக்கு மருந்து போடுவார்கள். கழுத்துக்கு மறுநாள் தைலம் தேய்த்து உருவி விடுவார்கள். முறிந்த முளையின் மேல் தைலக் கை!

கனடிய மருத்துவர்கள் 2001-ல் வகுத்த கழுத்துக் காய விதியை உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். விழுந்தோ மோதியோ கழுத்தில் காயம் என்ற சந்தேகத்தோடு வருபவருக்கு வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால், வேறெதையும் பார்க்காமல் படம் எடுத்தாக வேண்டும் என்பது அந்த விதி. வயதே போதிய காரணம். சாதாரண எக்ஸ்ரேயில் தேய்ந்த எலும்புகளுக்கு நடுவே இந்த முறிவு மறைந்துவிடும், சிடி ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். எனவே விழுந்த பெரியவரை அழைத்துப்போகும் குடும்பம், "டாக்டர், கழுத்தையும் பாருங்கள்" என்று கேட்பதில் தவறே இல்லை.

இதிலும் ஆழமான ஒரு குழி இருக்கிறது. ஏற்கெனவே கை கால் விழுந்தவருக்குப் புதிதாக என்ன வந்தாலும் அது பழைய பக்கவாதத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. நல்லாயிருந்த கையும் மரத்துப் போகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, நடை இன்னும் தள்ளாடுகிறது, சிறுநீர் அடங்கவில்லை, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறது. இவை மேல் கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதன் அடையாளங்கள். பக்கவாதம் பெரும்பாலும் உடம்பின் ஒரு பாதியைத்தான் பிடிக்கும். இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து தளர்ந்தால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டார் மட்டுமல்ல, அவசரத்தில் மருத்துவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். தண்டுவடம் நாள்கணக்கில் நசுங்கிக் கிடந்தால், பிறகு அறுவை சிகிச்சை செய்தும் இழந்தது முழுதாகத் திரும்பாது.

முளையைச் சுற்றிச் சுண்ணாம்புப் படிகங்கள் சேர்ந்து, திடீரென்று கடும் கழுத்துவலியும் காய்ச்சலும் வரும் ஒரு கோளாறும் முதியவர்களுக்கு உண்டு. மூளைக்காய்ச்சல் என்று பயந்து ஓட வைக்கும், ஆனால் சிடி ஸ்கேனில் கண்டுபிடித்தால் மாத்திரைக்கே அடங்கிவிடும். கழுத்து வலி எல்லாமே பேரிடர் இல்லை என்பதற்கு இது சாட்சி. எது பேரிடர், எது இல்லை என்று சொல்லக்கூடியவர் மருத்துவர் மட்டுமே.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டின் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. சட்டம் 775, அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் பாரம்பரிய, மாற்று மருத்துவம் செய்வோர் பதிவு பெற வேண்டும் என்கிறது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்களோடு கைரோபிராக்டிக்கும் அதில் அடங்கும். சட்டம் 774, பிசியோதெரபிஸ்டு உள்ளிட்ட துணை மருத்துவத் துறையினருக்கானது. நாட்டில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலில் தொடங்கப்பட்ட மூன்று அரசு மருத்துவமனைகளில் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் ஒன்று. அங்கே மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகே நோயாளி மேல் கை வைக்கிறார்கள். அந்த ஒழுங்குதான் வேண்டும். முடிவெட்டும் கடைக்கும் வீட்டுக்கு வந்து உருவி விடுபவருக்கும் அந்த ஒழுங்கு எட்டவில்லை.

கடைகளுக்கு உரிமம் தருபவை நகராண்மைக் கழகங்களும் மாநகராட்சிகளும். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மாநகராட்சிகள் முதலில் முன்வரட்டும். கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கக் கூடாது என்பதை உரிம நிபந்தனையாக்கி, மலாய், தமிழ், சீன மொழிகளில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டச் செய்யட்டும். முடிதிருத்துவோர் சங்கங்கள் இதை எதிர்க்கக் கூடாது. யாருடைய பிழைப்பையும் இது கெடுக்காது, முடி வெட்டத்தான் வாடிக்கையாளர் வருகிறார். ஒரு பெரியவர் அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டால் கடைக்காரர் காலத்துக்கும் சுமக்க வேண்டிய பாரம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கட்டும்.

சுகாதார அமைச்சுக்கு நம் கோரிக்கை இன்னும் எளிது. 2014 முதல் அரசு சுகாதாரக் கிளினிக்குகளிலிருந்து படுத்த படுக்கையாக இருப்போரின் வீட்டுக்கே தாதியரும் பிசியோதெரபிஸ்டும் வந்து பராமரிக்கும் சேவை நடக்கிறது. அருமையான சேவை. அவர்கள் வரும்போது கழுத்தையும் ஒரு வரி எழுதட்டும்: தலை எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, புதிதாக மரத்துப்போனது உண்டா, இந்த மாதம் விழுந்தாரா, வெளியே எங்காவது உருவி விட்டார்களா. கடைசிக் கேள்வியை மிரட்டாமல் கேட்க வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்தால் வீட்டார் மறைத்துவிடுவார்கள். மருத்துவமனையை விட்டு அனுப்பும் நாளில், பராமரிக்கப் போகிறவரை நிற்க வைத்து, எப்படிப் புரட்டுவது, எப்படி எழுப்புவது என்று அவர் மொழியில் செய்து காட்ட வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு மலாய்த் துண்டுத்தாள் எதற்கு உதவும்? தானே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996-ல் தொடங்கிய நாசாம் என்னும் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம், மறுவாழ்வுப் பயிற்சியை இத்தனை ஆண்டுகளாகக் கொண்டுசெல்கிறது. நம் கோயில் மண்டபங்களும் சங்கங்களும் மாதம் ஒரு ஞாயிறு இடம் கொடுத்தால், அத்தகையவர்களை அழைத்து இந்தப் பயிற்சியைத் தோட்டப்புறத்துக்கும் கொண்டுபோகலாம்.

அரசாங்கம் செய்யும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. எழுப்பும்போது கழுத்துக்குக் கை கொடுக்காதீர்கள். முதலில் ஒருக்களித்துப் புரட்டி, முழங்காலை மடக்கி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து நிமிர்த்துங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்கி மோவாய் நெஞ்சில் இடிக்கும்படி படுக்க வைக்காதீர்கள். குளியலறையில் பிடிகம்பி மாட்டுங்கள், ஈரத் தரையை உடனே துடையுங்கள். விழுந்த பிறகு கழுத்து வலிக்கிறது என்றாலோ, பேச முடியாதவர் கழுத்தைத் தொட்டாலே முகம் சுளித்தாலோ, தூக்கி உட்கார வைக்காதீர்கள், தலையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். படுத்தபடியே அசையாமல் வைத்து 999-ஐ அழையுங்கள். வீட்டிலிருக்கும் பழைய கழுத்துப் பட்டையை நீங்களாக மாட்டிவிடாதீர்கள். விழுங்கச் சிரமப்படும் பக்கவாத நோயாளிக்கு அதுவே புரையேறக் காரணமாகலாம்.

அடுத்த முறை அப்பாவை முடி வெட்ட அழைத்துப்போகும்போது, அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு. முடி மட்டும் வெட்டுங்க, கழுத்துல கை வைக்காதீங்க."